பீச்சாங்கைக் குத்து

என்னிடம் குத்துச்சண்டை பழக வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் நாள் லெஃப்ட், ரைட் குழப்பம் வந்துவிடும். அதனால் நான் சோத்தாங்கை, பீச்சாங்கை என்றே சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: சாப்பிடக் கூடாது, காசு நீட்டக் கூடாது, பெரியவர்களிடம் எதையும் கொடுக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து ஒதுக்கியே வைத்த கை. பாக்ஸிங்கில் மட்டும் அதுதான் முன்னால் நிற்கிறது. எதிராளியின் தாடைக்கும் ஈரலுக்கும் பக்கத்தில் இருப்பதும் அதுதான். அந்தக் கையை மடித்துப் பக்கவாட்டிலிருந்து போடுகிற லெஃப்ட் ஹூக் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் காசிமேட்டில் வலைச் சாமான் விற்கிறவன். ஈயக்குண்டு, மிதவை, நைலான் நூல், கயிறு. மாலை 6 மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது 11 பேர் வருகிறார்கள், அதில் 4 பெண் பிள்ளைகள். ரிங் கிடையாது. இரண்டு பை தொங்குகிறது, ஒரு பழைய அலமாரிக் கண்ணாடி இருக்கிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைப் பெயர் சொல்லி மேடை ஏறிய ஊர் வடசென்னை. இங்கே மொட்டை மாடியில் குத்துகிற சத்தம் கேட்டால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வருகிற எல்லோருக்கும் முதல் வாரமே லெஃப்ட் ஹூக் வேண்டும். முன் கையை நேராக நீட்டிக் குத்துகிற ஜாப் அவர்களுக்குச் சப்பென்று இருக்கிறது. செல்போனில் யாரோ யாரையோ ஒரே ஹூக்கில் சாய்க்கிற துண்டு வீடியோவைக் காட்டி, "இது மாதிரி அண்ணே" என்பார்கள். சரி, போடு பார்ப்போம் என்று பையைக் காட்டினால், கையைப் பின்னால் இழுத்து, முழங்கையை விரித்து, பளாரென்று அறைகிற மாதிரி ஒரு வீச்சு. பை ஊஞ்சல் ஆடும். அவர்களுக்கு அது ஆடுவதில் பெருமை. பை ஆடினாலே குத்தில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். சரியான ஹூக் விழுந்தால் பை ஆடாது. விழுந்த இடத்தில் மடங்கும், மேலே சங்கிலி ஒரு தரம் துள்ளும்.

என் அப்பா எண்ணூர் கழிமுகத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுவார். பத்து வயதில் நானும் போட்டுப் பார்ப்பேன். வலை விரியாமல் மூட்டையாகப் போய் விழும். "கையால எறியாதடா. இடுப்ப திருப்பு, கை தானா வரும்" என்பார். அவர் காலைச் சேற்றில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் முறுக்கி, முறுக்கை அவிழ்க்கும்போது வலை வட்டமாக விரிந்து போகும். கை கடைசியில்தான் விடும். எட்டு ஒன்பது வருஷம் கழித்து என் வாத்தியார் ஹூக் சொல்லிக்கொடுத்தபோது, அவர் பேசியது பாதி புரியவில்லை. ஆனால் உடம்புக்கு அது அப்பாவின் வலை என்று தெரிந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். வலது கைப் பழக்கமுள்ளவர், இடது காலை முன்னே வைத்து நிற்பவர் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

கால்கள் தோள் அகலத்துக்கு. முன்னே இருக்கும் இடது பாதத்தின் விரல்கள் நேர் எதிரே பார்க்காமல் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருக்கட்டும். பின்னே வலது குதிகால் தரையைத் தொடாமல் மிதக்க வேண்டும். முழங்கால் இரண்டும் இளகி இருக்க வேண்டும், விறைத்த காலிலிருந்து ஹூக் பிறக்காது. இரண்டு முஷ்டியும் கன்னத்தோடு. தாடை உள்ளே.

இப்போது எடையை இடது காலுக்குக் கொண்டுவாருங்கள். தலையைச் சாய்க்க வேண்டாம், முன்னால் குனிய வேண்டாம். இடது முழங்கால் ஒரு விரல்கடை அளவு கூடுதலாக மடிந்தால் போதும். அந்தக் காலில் உட்காரப் போகிற மாதிரி ஒரு உணர்வு வரும். அதோடு இடுப்பும் தோளும் சேர்ந்து இடப்பக்கமாகக் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கை மட்டும் இருந்த இடத்தில் கன்னத்தோடேயே இருக்கட்டும். முறுக்குவது உடம்பு, இழுக்கப்படுவது கை அல்ல. இந்த இடத்தில்தான் பத்தில் எட்டுப் பேர் கையைப் பின்னால் இழுத்துவிடுகிறார்கள். கை பின்னால் போவதைப் பார்த்த எதிராளிக்கு, அடுத்து என்ன வருகிறது என்று கடிதம் போட்ட மாதிரி.

பிறகு அவிழ்ப்பது. இடது பாதத்தின் முன்பந்து, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கிற சதை மேடு, தரையில் சிகரெட்டை நசுக்குகிற மாதிரி திரும்ப வேண்டும். குதிகால் வெளியே இடப்பக்கம் போகும், விரல்கள் வலப்பக்கம் பார்க்கும். பாதம் திரும்பினால் முழங்கால் திரும்பும், முழங்கால் இடுப்பைத் திருப்பும், இடுப்பு தோளை இழுத்துக்கொண்டு போகும். தோள் கிளம்பிய பிறகுதான் கை கிளம்ப வேண்டும். அது வரை முழங்கை விலாவை ஒட்டியே இருந்து, கிளம்பும் அந்தக் கணத்தில் முஷ்டியின் மட்டத்துக்கு உயர்கிறது. முழங்கை மூலைமட்டம் மாதிரி மடிந்து, முன்கை தரைக்குக் கிடையாக. முஷ்டிக்கு நேர் பின்னால் முழங்கை இருந்தால்தான் உடம்பின் எடை முஷ்டிக்குப் போய்ச் சேரும். முழங்கை கீழே தொங்கினால் அது அறை. கிளம்புவதற்கு முன்பே மேலே தூக்கிக்கொண்டால் சேவல் இறக்கை விரிக்கிற மாதிரி இருக்கும், விலாவும் திறந்துவிடும்.

இடது காலில் இருந்த எடை இதற்குள் வலது காலுக்குப் போய்விட்டிருக்கும். மிதந்துகொண்டிருந்த வலது குதிகால் தரையில் இறங்கும். அந்தக் குதிகால் இறங்கும் சத்தமும் முஷ்டி பையில் படும் சத்தமும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பது என் கணக்கு. சில வாத்தியார்கள் முன்பாதத்தைத் திருப்பாமல், ஊன்றிய காலிலேயே இடுப்பை மட்டும் வெட்டச் சொல்வார்கள். மிக நெருக்கத்தில் அதுவும் வேலை செய்யும். ஆனால் ஆரம்பத்தில் அப்படிப் பழகினால் முழங்கால்தான் முறுக்கு வாங்கும். முதல் ஆறு மாதம் பாதத்தைத் திருப்பியே போடுங்கள்.

முஷ்டி எதிராளியின் முகத்தைத் தாண்டி வலப்பக்கம் போய்விடக் கூடாது. உங்கள் மூக்குக்கு நேர் எதிரே நின்று, வந்த வழியே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். தாண்டிப் போனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். மூச்சை அடக்காதீர்கள், பல்லிடுக்கில் ‘ஸ்’ என்று விட்டுக்கொண்டே குத்துங்கள்.

முஷ்டியை எப்படி வைப்பது என்று ஒரு பெரிய சண்டையே உண்டு. கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டுமா, உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டுமா? நான் பஸ்ஸை வைத்துச் சொல்லுவேன். மாநகரப் பேருந்தில் நட்டுக்குத்தாக ஒரு கம்பி இருக்கும், தலைக்கு மேலே கிடையாக ஒரு கம்பி இருக்கும். எதிராளி ஒட்டி நிற்கும்போது நட்டுக்குத்துக் கம்பியைப் பிடித்த கை, அதாவது கட்டைவிரல் மேலே. கொஞ்சம் எட்ட நிற்கும்போது கிடைக் கம்பியைப் பிடித்த கை, உள்ளங்கை கீழே. இரண்டிலும் படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகள். மணிக்கட்டு துளியும் மடியக் கூடாது.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 19 வயதில் ஆத்திரத்தில் போட்ட ஒரு ஹூக் எதிராளியின் தலை உச்சியில் சுண்டுவிரல் முட்டியோடு போய் விழுந்தது. உள்ளங்கை எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்றும் முஷ்டி பிடித்தால் அந்த முட்டி மற்றவற்றைவிடப் பள்ளமாக இருக்கும். அதனால்தான் நாலரை மீட்டர் பேண்டேஜை ஒழுங்காகச் சுற்றாமல் யாரையும் பைப் பக்கம் விடுவதில்லை. மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்று, மிச்சம் மறுபடி மணிக்கட்டுக்கு.

லெஃப்ட் ஹூக் என்றால் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேசியரைச் சொல்லாமல் முடியாது. தென் கரோலினாவில் பியூஃபர்ட் பக்கம் ஏழை விவசாயக் குடும்பம். அவர் அப்பாவுக்கு இடது கை போய்விட்டது, அதனால் சின்ன வயதிலிருந்தே பிள்ளைதான் அப்பாவுக்கு இடது கை. வீட்டுப் பன்றி ஒன்று துரத்தி, விழுந்து, ஜோவின் இடது கை முறிந்தது. டாக்டரிடம் காட்ட வசதியில்லை. அது தானாகவே கோணலாகக் கூடிக்கொண்டது. அதன்பிறகு அந்தக் கையை முழுசாக நீட்ட முடியாது, ஹூக் போடுவதற்கென்றே மடித்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. சாக்குப் பையில் கந்தலும் சோளக்கட்டையும் நடுவில் ஒரு செங்கலும் வைத்து மரத்தில் தொங்கவிட்டுத்தான் பழகினாராம். (செங்கல் யோசனையை என் பிள்ளைகள் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இடது கட்டைவிரல் முறிந்த நிலையிலும் தங்கம் வாங்கினார்.

1971 மார்ச் 8, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன், முகமது அலியோடு 15வது ரவுண்ட். அந்த வீடியோவை என் பிள்ளைகளுக்கு வேகம் குறைத்துப் போட்டுக் காட்டுவேன். முதல் தரம் பார்க்கும்போது எல்லோரும் ஃப்ரேசியரின் கையைப் பார்க்கிறார்கள். இரண்டாம் தரம் அலியின் வலது கையைப் பாருங்கள் என்பேன். கீழிருந்து மேலே குத்துகிற அப்பர்கட் போடுவதற்காக அது கன்னத்தை விட்டுக் கீழே இறங்குகிறது. அந்தக் கதவு திறந்த நொடியில் ஹூக் உள்ளே போகிறது, அலி மல்லாந்து விழுகிறார். மூன்றாம் தரம் ஃப்ரேசியரின் கால். கிட்டத்தட்டத் தரையிலிருந்து துள்ளிக் கிளம்புகிற மாதிரி அத்தனை உடம்பும் அந்தக் குத்துக்குப் பின்னால் போகிறது. அலி எழுந்து ரவுண்டை முடித்தார் என்பது வேறு அதிசயம்.

அலியின் வலது கையை நான் காட்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நீங்கள் ஹூக் போடும்போது உங்கள் வலது கை எங்கே இருக்கிறது? இடது கை முன்னால் போகும்போது சமநிலைக்காக வலது கை தானாக இடுப்புக்கு இறங்கும். நடக்கும்போது கை வீசிப் பழகிய உடம்பு, அது அப்படித்தான் செய்யும். எதிராளியும் அதே நேரத்தில் ஹூக் போட்டால் யாருடைய வலது கை கன்னத்தில் இருக்கிறதோ அவர்தான் நிற்பார். ஒரு மாவட்டப் போட்டியில் இரண்டு ரவுண்ட் நன்றாக ஆடிவிட்டு, மூன்றாவதில் களைப்பில் கை இறங்கி, நான் போட்ட ஹூக்குக்கு முன்னாலேயே எதிராளியின் ஹூக் வந்துவிட்டது. ரெஃப்ரி எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போது என் மாடியில், மடித்த கைக்குட்டையை வலது கிளவுஸுக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டுதான் ஹூக் பழக வேண்டும். கைக்குட்டை விழுந்தால் 10 தண்டால். ஹூக் தொடங்கிய புதிதில் தண்டால்தான் அதிகம் நடக்கும்.

பழகும் வரிசை

முதல் வாரம் கையே கிடையாது. துடைப்பக் கட்டையைத் தோளில் குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டு, இடது காலில் உட்கார், திருப்பு, வலது குதிகாலை இறக்கு. ஒரு நாளைக்கு 100. அலுப்பாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து அவர்களே, "அண்ணே, இடுப்பு தனியா போகுது" என்பார்கள். அதுதான் வேண்டும்.

அப்புறம் சுவர். இடது தோளுக்கும் சுவருக்கும் ஒரு முழம் விட்டு நில்லுங்கள். மெதுவாக ஹூக் போடுங்கள். முஷ்டி சுவரில் உரசினால் கை விரிகிறது என்று அர்த்தம். உரசாமல் 20 போட்ட பிறகு கண்ணாடிக்கு வரலாம். கண்ணாடி இல்லாதவர்கள் பின்னால் ட்யூப்லைட் எரியவிட்டு எதிர்ச் சுவரில் நிழலைப் பாருங்கள், நிழல்தான் பொய் சொல்லாத வாத்தியார்.

பைக்கு வரும்போது பத்தில் மூன்று பங்கு பலம் மட்டும். பையை நீங்களே செய்வதாக இருந்தால் வெறும் மணலைக் கொட்டாதீர்கள். நாலு நாளில் மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும், மேலே வெறும் சாக்கு ஆடும். பழைய துணியை இறுக்கி அடைப்பதுதான் நல்லது. ஹூக்கைத் தனியாகப் போடாமல் ஜாப், வலது நேர்க்குத்து, ஹூக் என்று மூன்றாகப் போடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வலது குத்து போய் முடியும்போது உங்கள் எடை இடது காலில் வந்து நிற்கும், இடது தோள் பின்னால் போயிருக்கும். ஹூக்குக்கு வேண்டிய முறுக்கு அங்கே சும்மா கிடைக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அவிழ்ப்பது மட்டும். ஹூக் வரவே வரவில்லை என்று நொந்தவர்களுக்குக்கூட இந்த வரிசையில் மூன்றாவதாக அது வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் 48 கிலோ எடையில் ஒரு பெண் பழகுகிறாள். போன மாதம் உடற்பயிற்சிக் கூடத்தில் தூக்கித் தூக்கி 80 கிலோவுக்கு உடம்பு ஏற்றிய தம்பி ஒருவன் புதிதாக வந்தான். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துப் பையில் விட்டேன். அவன் பை ஆடிக்கொண்டே இருந்தது, இவள் பை மடங்கியது. அவன் புஜத்தைப் பிடித்துப் பார்த்தால் கட்டை மாதிரி இறுகியிருந்தது. அதுதான் சிக்கல். குத்து போய்ச் சேரும் வரை கை தளர்ந்திருக்க வேண்டும், படும் கணத்தில் மட்டும் முஷ்டி இறுக வேண்டும். முன்கூட்டியே இறுக்கிய கை பிரேக் போட்டுக்கொண்டு ஓடுகிற வண்டி.

உடம்புக்குப் போடுவது

எனக்குப் பிடித்த ஹூக் தலைக்குப் போவதல்ல, ஈரலுக்குப் போவது. ஈரல் மனிதனுக்கு வலப்பக்க விலாவுக்கு அடியில் இருக்கிறது. எதிரே நிற்பவரின் வலது என்றால் உங்கள் இடது கைக்கு நேர். இடுப்பை வளைத்துக் குனியாமல் முழங்காலை மடித்து இறங்குங்கள், தலை அவருடைய வலது கையின் பாதையை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் விலகட்டும். முழங்கை உங்கள் விலாவை ஒட்டி, கடைசி விலா எலும்புக்குக் கீழே, கொஞ்சம் மேல்நோக்கி. அடி வாங்கியவர் உடனே விழ மாட்டார். ஒரு நொடி ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பார், அதன்பிறகு கால் தானாக மடங்கும். மனசு எழுந்திரு என்று சொன்னாலும் உடம்பு கேட்காது. 2004 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவை பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 9வது ரவுண்டில் நிறுத்தியது இந்தக் குத்தில்தான். டி லா ஹோயா தரையைக் கையால் அடித்தாரே தவிர எழ முடியவில்லை. அவரே இதே லெஃப்ட் ஹூக்கால் பேர் வாங்கியவர் என்பது வேடிக்கை.

அந்த டி லா ஹோயாவும், 1963இல் லண்டன் வெம்ப்ளியில் காஷியஸ் க்ளேயை (பின்னாளில் முகமது அலி) கயிற்றோரம் உட்கார வைத்த ஹென்றி கூப்பரும் பிறவியில் இடது கைக்காரர்கள். ஆனாலும் இடது காலை முன்னே வைத்துத்தான் நின்றார்கள். பலமான கை முன்னால் இருந்ததால் ஹூக் அப்படி வந்தது. உங்கள் வீட்டில் பீச்சாங்கைப் பிள்ளை இருந்தால் இதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். மற்றவர்கள் இடது கையைப் பழக்க வேண்டும். தண்ணீர் வாளி, கடைப் பூட்டு, ஷட்டர் என்று நான் எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றிவிட்டேன். சாப்பாடு மட்டும் மாற்றவில்லை, அம்மா இருக்கிறார்.

முட்டிக்கொண்டு வருகிறவரை நிறுத்த ஒரு ஹூக் உண்டு. போட்டுக்கொண்டே இடது பாதத்தைச் சுழற்றி, வலது காலைப் பின்னே விசிறி, அவர் வருகிற பாதையை விட்டு நகர்ந்துவிடுவது. 2007 டிசம்பரில் லாஸ் வேகஸில் மேவெதர் ரிக்கி ஹாட்டனுக்கு 10வது ரவுண்டில் போட்டது இதுதான். ஹாட்டன் நேராக மூலைத் தூணில் தலையை மோதிக்கொண்டு விழுந்தார். அழகான குத்து. ஆனால் மற்றதெல்லாம் வந்த பிறகு, இரண்டாவது வருஷத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆளோடு பழகும்போது 16 அவுன்ஸ் கிளவுஸ், பல்லுக்குக் காப்பு, தலைக்குக் கவசம், பாதி வேகம். கவசம் தோல் கிழியாமல் காக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலையில் வாங்கி, கிறுகிறுப்போ வாந்தியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை என் மாடியில் ஸ்கிப்பிங் கயிறுகூடக் கிடையாது.

ஹூக் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். பலமாகக் குத்தியதாக உங்களுக்கே தோன்றாது. கையில் ஒன்றும் தெரியாது, இடது தொடையிலும் இடுப்பிலும்தான் ஏதோ நடந்த மாதிரி இருக்கும். அப்புறம் சத்தம். எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு பாக்ஸிங் பற்றி ஒன்றும் தெரியாது, மேலே தொங்குகிற சங்கிலியின் சத்தம் மட்டும் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் படியில் பார்த்து, "இன்னிக்கு உங்க சங்கிலி ஒரே ஒரு தடவ சரியா துள்ளுச்சே, யாரு?" என்றார். அந்த 80 கிலோ தம்பிதான்.